மூன்று மொழி, ஒரே விசைப்பலகை: ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் ஐ3 ஷார்ட்கட்கள்

பின்னணி

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் வழியில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம். உரிமம் பெற்ற எழுத்தர் ஒருவர், பல வருடமாகத் தட்டச்சு செய்யும் பெண் ஒருவர், மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பட்டதாரி இளைஞர் ஒருவர். இரண்டு கணினிகள். இரண்டுமே மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸரும் 4 ஜிபி நினைவகமும் கொண்டவை. அந்த வட்டாரத்தில் கணினிப் பராமரிப்பு பார்ப்பவன் என்ற வகையில் எனக்கு அந்த அலுவலகம் பழக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட எழுத்தருக்கு மனமில்லை. இளைஞர் இரண்டிலும் டெபியன் 13 என்ற லினக்ஸை ஏற்றினார். தட்டச்சு செய்யும் பெட்டியில் மட்டும் ஐ3 என்ற டைலிங் விண்டோ மேனேஜரையும் வைத்தார். (ஐ3 என்றதும் எழுத்தர் கேட்டது: "அது நம்ம பெட்டியில ஏற்கெனவே இருக்கில்லா?" அவர் சொன்னது பிராசஸரை.)

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: டைலிங் விண்டோ மேனேஜரில் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாது. திறக்கத் திறக்க, திரையைத் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததற்குப் போவது, பெரிதாக்குவது, மூடுவது எல்லாம் விசைப்பலகையிலேயே நடக்கும். ஆகவே ஷார்ட்கட்கள் சரியில்லை என்றால் அங்கே எதுவும் சரியில்லை.

இந்த ஏற்பாடு பத்திர எழுத்துக்கு உண்மையிலேயே பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) போட்டு, கையெழுத்தில் இருப்பது விளவங்கோடு, கல்குளம் பக்கம் சாதாரணம். அந்த ஸ்கேன் ஒரு பக்கம், தமிழில் எழுதப்படும் புதுப் பத்திரம் இன்னொரு பக்கம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று பார்க்கும் இணையத்தளம் மூன்றாவது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் அடிக்க வேண்டும். நாள் முழுக்க மவுஸால் ஜன்னல்களை இழுத்து இழுத்து வைப்பதைவிட, இரண்டும் தானாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எவ்வளவோ மேல். இளைஞரின் தேர்வில் எனக்குக் குறை இல்லை.

தொல்லை தொடங்கியது

ஐ3-இன் ஷார்ட்கட்களை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பை இளைஞர் இணையத்திலிருந்து எடுத்திருந்தார். யாரோ ஒரு புரோகிராமர் தன் விரலுக்கும் தன் வேலைக்கும் ஏற்ப எழுதிய கோப்பு அது. அறுபதுக்கு மேல் ஷார்ட்கட்கள். மொழி மாற்றுவதற்கு இளைஞரே ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்திருந்தார். ஒரு விசையைத் தட்டினால் ஆங்கிலம், மறுபடி தட்டினால் தமிழ், மூன்றாம் முறை மலையாளம் என்று சுற்றி வரும்.

முதல் வாரத்திலேயே புகார் வந்தது. தட்டச்சு செய்பவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "காலத்தே எல்லாம் செரியாத்தான் ஓடும். உச்சைக்குப் பொறவு ஒண்ணும் கேக்காது." இளைஞர் கணினி சூடாகிறதோ என்று பார்த்தார், நினைவகம் நிரம்புகிறதோ என்று பார்த்தார். இரண்டும் இல்லை.

என்னை அழைத்தது வேறொரு நிகழ்வுக்குப் பிறகு. ஒரு தானப் பத்திரத்தின் சொத்து விவரத்தைத் தட்டச்சு செய்பவர் அடித்துக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று கறுத்து, உள்நுழையும் பக்கம் வந்து நின்றது. லிப்ரே ஆஃபீஸ் மீட்பு நகலை 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் எடுத்துவைக்கும், அதுதான் இயல்பு அமைப்பு. மீட்டதில் நான்கெல்லையில் இரண்டு இல்லை, அளவும் இல்லை. ஆள் வெளியே காத்திருந்தார், பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று. எழுத்தர் அன்று பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

கவனித்தது

முதலில் எதையும் தொடாமல் தட்டச்சு செய்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். இதுதான் அதிகம் பயன்பட்டது.

காலையில் அவர் செய்வது பெரும்பாலும் இணையத்தளத்தில்: சர்வே எண் போட்டுப் பட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது. எல்லாம் ஆங்கில விசையில். மதியத்துக்குப் பிறகு பத்திரம் அடிப்பார், தமிழ் விசையில். கணினிக்கு நேரம் தெரியாது, மொழி தெரியும். மதியம் மாறியது மொழிதான்.

தமிழில் இருக்கும்போதும் எல்லா ஷார்ட்கட்டும் சாகவில்லை. எண் விசைகளும் அம்பு விசைகளும் என்டரும் சேர்ந்தவை வேலை செய்தன. எழுத்து விசை சேர்ந்தவை மட்டும் அசையவில்லை. பாதி வேலை செய்து பாதி செய்யாததால்தான் இளைஞர் கோப்பில் எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்இவி என்ற சிறு கருவியைத் திறந்து ஒரே விசையை இரண்டு மொழியிலும் அழுத்திக் காட்டினேன். ஆங்கிலத்தில் எண் 44, பெயர் 'ஜே'. ஸ்கிரிப்டை ஓட்டித் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்புக்கு மாற்றிய பின் அதே விசை: எண் அதே 44, பெயர் 'ப'. இளைஞருக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை.

ஸ்கிரிப்ட் செய்தது இது: செட்-எக்ஸ்கேபி-மேப் என்ற கட்டளையால் விசைப்பலகையின் மொழி அமைப்பையே முழுதாகத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தது. ஐ3-இன் கோப்பில் 'பைண்ட்சிம்' என்று எழுதும் வரி விசையின் பெயரைப் பிடிக்கும். அமைப்பு மாறியதும் ஐ3 எல்லாப் பெயரையும் மறுபடி தேடும். தமிழ் அமைப்பில் 'ஜே' என்ற பெயரே கிடையாது, அதனால் அந்த ஷார்ட்கட் எந்த விசையிலும் உட்காராது. எண்களும் என்டரும் எந்த மொழியிலும் அதே பெயரில் இருப்பதால் அவை தப்பின.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. யூஎஸ்பி கம்பி தளர்ந்து விசைப்பலகையைக் கழற்றி மாட்டினால், செட்-எக்ஸ்கேபி-மேப் வைத்த அமைப்பு போய் இயல்பு அமைப்பு வந்துவிடும். ஸ்கிரிப்ட் தன் கணக்கில் தமிழ் என்று வைத்திருக்கும், விரலில் வருவது ஆங்கிலமாக இருக்கும். "சில நேரம் ரெண்டு தடவை தட்டணும்" என்று அவர் சொன்னது இதைத்தான்.

திரை கறுத்த சம்பவம் தனி. சொத்து விவரத்தில் உட்பிரிவோடு சர்வே எண் வரும்: எண், சாய்கோடு, எண், பெரிய எழுத்து 'ஏ'. அந்த எழுத்துக்கு ஆங்கிலத்துக்கு வந்து ஷிஃப்டைப் பிடித்தார். அடுத்த நொடி புலப்படத்தைப் பக்கத்தில் கொண்டுவர விண்டோஸ் விசையோடு 'ஈ'-யைத் தட்டினார், ஜன்னல் பிரிவை மாற்றும் ஷார்ட்கட் அது. ஷிஃப்டிலிருந்து சுண்டுவிரல் இன்னும் எழவில்லை. விண்டோஸ், ஷிஃப்ட், 'ஈ' மூன்றும் சேர்ந்தால் ஐ3-ஐ விட்டு வெளியேறு என்று பொருள். ஐ3-இன் சொந்தக் கோப்பில் இதற்கு மேலே ஒரு பட்டை வந்து 'உண்மையிலேயே வெளியேறவா' என்று கேட்கும். இணையத்தில் எடுத்த கோப்பில் அந்தக் கேள்வியை நீக்கியிருந்தார்கள். எழுதியவருக்கு அது இடைஞ்சலாக இருந்திருக்கும். வேகமாக அடிக்கும் ஆளுக்கு ஷிஃப்ட் அரை நொடி தங்குவது குற்றமே இல்லை. ஷிஃப்ட் சேர்ந்தால் சாதாரண வேலை நாசவேலையாக மாறும்படி இரண்டைப் பக்கத்தில் வைத்ததுதான் கோளாறு.

வழிகளும் தேர்வும்

பெயர்ச் சிக்கலுக்கு மூன்று வழி இருந்தது.

ஒன்று, 'பைண்ட்சிம்' எல்லாவற்றையும் 'பைண்ட்கோட்' ஆக்குவது. அப்போது ஐ3 பெயரைப் பார்க்காமல் 44, 45 என்ற இட எண்ணைப் பார்க்கும். அடிக்கடி மொழி அமைப்பை மாற்றுபவர்களுக்கு ஐ3-இன் கையேடே சொல்லும் வழி இது. ஆனால் நாளைக்குக் கோப்பைத் திறப்பவருக்கு வெறும் எண்கள்தான் தெரியும்.

இரண்டு, செட்-எக்ஸ்கேபி-மேப்பிலேயே ஆங்கிலத்தை முதல் குழுவாகவும் மற்ற மொழிகளை அடுத்த குழுக்களாகவும் வைப்பது. ஐ3 ஷார்ட்கட்களை முதல் குழுவின் பெயரால் புரிந்துகொண்டு எல்லாக் குழுவிலும் செயல்படுத்தும். அமைப்பு பிடுங்கப்படாததால் எதுவும் சாகாது. சின்ன மாற்றம்தான், பெரும்பாலான இடங்களில் இதுவே போதும்.

மூன்று, விசைப்பலகை அமைப்பை என்றென்றும் ஆங்கிலமாகவே விட்டுவிட்டு, தமிழையும் மலையாளத்தையும் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் பார்த்துக்கொள்ளும்படி செய்வது. ஐ3-க்குப் போகும் பெயர் எப்போதும் ஆங்கிலப் பெயரே.

மூன்றாவதை எடுத்தோம். தீர்மானித்தது ஷார்ட்கட் அல்லாத ஒரு காரணம். தட்டச்சு செய்பவர் இன்ஸ்டிடியூட்டில் படித்துத் தமிழ் ஹையர் முடித்தவர். அவர் விரலில் இருப்பது பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு. இளைஞர் வைத்திருந்த தமிழ்99-இல் அவர் எழுத்தெழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார், யாரும் கேட்காததால் சொல்லவும் இல்லை. ஐபஸ்ஸோடு சேர்த்துப் போடும் எம்17என் தொகுப்பில் தட்டச்சுப்பொறி அமைப்பும் இருக்கிறது, மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் என்ற அமைப்பும் இருக்கிறது. அவர் வேகம் அன்றே திரும்பிவிட்டது. ஐபஸ் தன் பங்குக்கு அமைப்பை மாற்றிவிடாதபடி, கணினியின் விசைப்பலகை அமைப்பையே பயன்படுத்து என்ற தெரிவையும் போட்டோம்.

அடுத்தது மொழி மாற்றும் விசை. ஐபஸ்ஸின் இயல்பு விசை விண்டோஸ்-ஸ்பேஸ். ஐ3-இலும் அதே விசை, மிதக்கும் ஜன்னலுக்கும் பங்கு போட்டு நிற்கும் ஜன்னலுக்கும் இடையே மாற. ஒரே விசையை இருவர் கேட்டால், விசை அழுத்தத்தை நிரல்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் எக்ஸ் சர்வர் முதலில் பிடித்தவருக்கே கொடுக்கும். ஐ3 முதலில் எழுவதால் மொழி மாறாது. ஐ3-இல் அந்த வரியை நீக்கினால் தீர்ந்தது. ஆனால் மூன்று மொழி இருக்கும் இடத்தில் சுற்றி வரும் விசையே வேண்டாம் என்பது என் கருத்து. எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு எத்தனை தட்டு என்று எண்ண வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு விசை என்றால் பார்க்கவே வேண்டாம். ஐபஸ்ஸுக்குக் கட்டளையாகவே மொழியைச் சொல்ல முடியும், அதை ஐ3 ஷார்ட்கட்டில் வைக்கலாம்.

எந்த மூன்று விசை? இளைஞர் எஃப்1, எஃப்2, எஃப்3 என்றார். தட்டச்சு செய்பவர் உடனே மறுத்தார்: "அங்க எட்டிப் போனா கை எழும்பீரும் மக்கா. பெறவு எடம் தேடணும்." அவரையே காட்டச் சொன்னோம். இடக்கைக் கட்டைவிரலை விண்டோஸ் விசையில் வைத்து, வலக்கையை இருந்த இடத்திலேயே வைத்து, ஒரு வரிசை கீழே இறக்கினார்: எம், காற்புள்ளி, முற்றுப்புள்ளி. ஆங்கிலம், தமிழ், மலையாளம். ஐ3-இன் இயல்புக் கோப்பில் மூன்றும் காலியாக இருப்பவை.

ஜன்னல் மாறும் விசைகளும் இதே தர்க்கத்தில் விழுந்தன. எடுத்த கோப்பில் எச், ஜே, கே, எல் என்று இருந்தது. வீஐ எடிட்டரின் பழக்கம் அது. அந்த எடிட்டர் எழுதப்பட்ட ஏடிஎம்-3ஏ என்ற பழைய கணினி டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசையில் அச்சிடப்பட்டிருந்தன, அதிலிருந்து வந்தது. இந்த அலுவலகத்தில் வீஐ-யைத் தெரிந்தவர் இல்லை. ஐ3-இன் சொந்த இயல்பு ஜே, கே, எல், அரைப்புள்ளி. தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் வலக்கை நான்கு விரலையும் வைக்கச் சொல்லும் இடமும் அதுவே. பழைய இயல்புக்கே திரும்பினோம். அவர் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை: இடம், கீழ், மேல், வலம் என்று ஒரு முறை சொன்னதோடு சரி.

விண்டோஸ் விசைக்குப் பதில் ஆல்ட்டை வைக்கலாமா என்றும் கேட்கப்பட்டது. வேண்டாம் என்றோம். லிப்ரே ஆஃபீஸின் மெனுக்கள் ஆல்ட்டில் திறப்பவை, அவற்றை ஐ3 விழுங்கிவிடும்.

வெளியேறும் ஷார்ட்கட்டை முழுவதும் எடுத்துவிட்டு, இரண்டு படியில் நடக்கும் 'மோட்' ஒன்றில் வைத்தோம்: விண்டோஸ்-எஸ்கேப் அழுத்தினால் கீழ்ப்பட்டையில் கேள்வி வரும், அதன்பின் தனி விசை. மூடும் ஷார்ட்கட்டைத் தொடவில்லை. அது நிரலை மூடச் சொல்லிக் கேட்கிறது, சேமிக்காத கோப்பு இருந்தால் லிப்ரே ஆஃபீஸே தடுக்கும். விண்டோஸ்-என்டர் டெர்மினலைத் திறந்துகொண்டிருந்தது, இப்போது பத்திர மாதிரிகள் இருக்கும் கோப்புறையைத் திறக்கிறது. அறுபதில் பதினைந்துக்கும் குறைவாகவே மிஞ்சியது. லிப்ரே ஆஃபீஸின் மீட்பு இடைவெளி 2 நிமிடமானது.

எனக்கு மிகப் பிடித்த மாற்றம் கடைசியாக வந்தது. ஐபஸ்ஸில் மொழி ஜன்னலோடு போகாது. பத்திரத்தில் தமிழ் அடித்துவிட்டு இணையத்தளத்துக்குப் போனால் அங்கும் தமிழே வரும், சர்வே எண் பெட்டியில் தமிழ் எழுத்து விழும். ஐ3-இல் ஒரே ஷார்ட்கட்டில் அரைப்புள்ளி போட்டு இரண்டு கட்டளை எழுதலாம். விண்டோஸ்-1 பத்திரமும் ஸ்கேனும் இருக்கும் பணியிடத்துக்குப் போகும், கூடவே தமிழாகும். விண்டோஸ்-3 இணையத்தளத்துக்குப் போகும், கூடவே ஆங்கிலமாகும். இதை எழுதிய பிறகு அவர் மொழி விசையை அழுத்துவதே பாதியாகக் குறைந்தது என்பது பக்கத்தில் இருந்தே தெரிந்தது. பத்திரத்துக்குள்ளேயே உட்பிரிவு எழுத்துக்கு மட்டும் விண்டோஸ்-எம்.

பின்பு நடந்தது

மறுவாரம் ஒரு சின்னத் தடுமாற்றம். ஆங்கிலத்தில் 'ஏ' அடித்து, சரிதானா என்று விண்டோஸ்-3-இல் பார்த்துவிட்டுத் திரும்பினால் தமிழாகியிருக்கும். அடித்ததைத் தொடர முடியாது. பணியிட ஷார்ட்கட்டிலிருந்து மொழியை நீக்கவா என்று கேட்டேன். வேண்டாம், எண் முழுசையும் அடித்த பிறகே பார்க்கிறேன் என்றார். விட்டுவிட்டோம்.

ஷிஃப்ட் தங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விண்டோஸ்-ஷிஃப்ட்-ஜே தெரியாமல் விழுந்தால் ஜன்னல் இடம் மாறும், அவ்வளவுதான். எதிர்த்திசை விசையை அழுத்தித் திருப்பிக்கொள்கிறார். திரை கறுத்தது அதன்பின் நிகழவில்லை.

எழுத்தர் ஐ3-க்கு வரவேயில்லை. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸ்-எஃப் என்று சொன்னதற்கு, "நீயே அடிச்சுக் காட்டு" என்றுவிட்டார். மங்கிய மலையாளக் கையெழுத்தை அவர்தான் வாசிப்பார், மவுஸால் உருட்டி. அவருடைய பெட்டியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற வழக்கமான டெஸ்க்டாப் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். டைலிங் எல்லோருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாற்ற நினைப்பவை

இதே வேலை இன்னோர் அலுவலகத்தில் வந்தால் வரிசை வேறாக இருக்கும். அடிப்பவர் எந்த அமைப்பில் படித்தவர் என்பது முதல் கேள்வி. அடுத்து மொழி மாற்றும் விசைகள். அவை நிலைத்த பிறகே ஜன்னல் விசைகள். இங்கே ஜன்னல் விசைகள் முதலில் வந்து, மொழி பிறகு ஒட்டவைக்கப்பட்டது. ஐ3-இன் இயல்புக் கோப்பிலிருந்து தொடங்கி, தேவைப்படுவதை மட்டும் மாற்றுவது நல்லது. பிறர் கோப்பை எடுப்பதானால் 'எக்சிட்' (வெளியேறு), 'கில்' (மூடு) என்ற இரண்டு சொல்லையாவது தேடிப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

எக்ஸுக்குப் பதிலாக வரும் வேலாண்டுக்கு, அதாவது அதில் ஐ3 போலவே ஓடும் ஸ்வேக்கு, ஒருநாள் மாற வேண்டிவரும். அங்கே 'பைண்ட்சிம்' வரியோடு 'டு-கோட்' என்ற சேர்க்கையைப் போட்டால், பெயரில் எழுதியதை அதுவே இட எண்ணாக்கிக்கொள்ளும். கோப்பும் வாசிக்க எளிதாக இருக்கும், மொழி மாறினாலும் சாகாது. அலுவலகத்தை இப்போதே அதற்கு மாற்ற அவசரம் இல்லை.

மலையாள விசை அதிகம் அழுத்தப்படவில்லை. கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து ஆட்கள் வந்து மலையாளத்தில் முகவரி கேட்டால்தான் உண்டு. அதற்குப் பக்கத்தில் சாய்கோடு விசை காலியாக இருக்கிறது. கொல்லம் ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தால் ஆங்கில ஆண்டைச் சொல்லும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை இளைஞர் எழுதிக்கொண்டிருக்கிறார். 1117 சிங்ஙம் என்றால் 1941, 1117 மேடம் என்றால் 1942, இடையில் தனு மாதம் பாதியில் ஆண்டு உடைகிறது. அந்த மாதத்துக்குத் தேதியையும் கேட்கும்படி செய்த பிறகு அதை அந்த விசையில் வைப்பதாக இருக்கிறோம்.